ஒண்டி என்று ஒரு புரதம்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். என் மனைவி கழுவினால் டம்ளர் அடியில் சோப்பு தங்கிவிடும். சில நாள் அவள் கழுவிக் கவிழ்த்து வைத்ததைச் சத்தமில்லாமல் எடுத்துத் திரும்பக் கழுவி வைப்பேன். சண்டை போட மாட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், செய்திகளில் என்னைப் பற்றி 'அலட்சியம்' என்று போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் கிடக்கட்டும், அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள். நடந்ததில் அலட்சியத்தால் நடந்தது எதுவும் இல்லை.

நீங்கள் அறிவியல் படித்தவர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். நல்லதாயிற்று. படித்தவர்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம். பாதியிலேயே எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. அது தின்ன, வளர, இரத்த அணுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக, ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம் வேலை செய்கிறது. இருக்கும் மருந்துகளுக்கு அது பழகிக்கொண்டு வருகிறது. புது மருந்து வேண்டுமென்றால் எந்தப் புரதத்தை அடித்தால் அது சாகும் என்று முதலில் தெரிய வேண்டும். ஐயாயிரத்தையும் சோதனைக்குழாயில் போட்டுப் பார்க்க ஒருவன் ஆயுள் போதாது. அதனால் கம்ப்யூட்டரில் சலிக்கிறோம். எங்கள் நிறுவனத்தில் சலிப்பவன் நான்.

இந்தப் புரதம் இல்லாமல் ஒட்டுண்ணியால் பிழைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பேன். முடியும் என்றால் அதைத் தள்ளிவிடுவேன். அடுத்து, மனித உடம்பில் இதன் சாயலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கட்டாயம் தள்ளிவிட வேண்டும். மருந்துக்குக் கண் கிடையாது; ஒட்டுண்ணியை அடிக்கப் போய் மனிதனையும் சேர்த்து அடித்துவிடும். இவ்வளவும் தாண்டி நிற்பதில், மருந்து போய் உட்கார ஒரு குழி, சட்டைப் பை மாதிரி ஓர் இடம், இருக்க வேண்டும். பை இல்லாத புரதத்தை வைத்துக்கொண்டு அழகு பார்க்கலாம், அவ்வளவுதான்.

சோதனைக்கூடத்துக்காரர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். நாங்கள் தரைத்தளம், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. நான் சலித்து அனுப்பிய புரதங்கள் ஒவ்வொன்றாக மேலே போய், ஒன்றுக்கும் உதவாது என்று திரும்பி வந்தன. கேண்டீனில் என்னைப் பார்த்தால், "என்ன சார், மத்தியானத்துக்குள்ள எத்தனை மருந்து கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். "ஏட்டுச் சுரைக்காய்" என்று ஒருவர் எனக்குப் பெயரே வைத்திருந்தார். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு வலித்தது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

பிறகு ஒண்டி கிடைத்தது. அதற்கு ஒரு நீளமான எண் உண்டு. ஒண்டி என்பது நான் வைத்த பெயர். உலகத்தில் இதுவரை வரிசைப்படுத்திய எந்த உயிரின் எந்தப் புரதத்தோடும் அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மேல்மாடியில் ஒண்டியை முடக்கிப் பார்த்தார்கள். ஒட்டுண்ணிகள் கூண்டோடு செத்தன. வேதியியல்காரர் அதன் பைக்குள் கச்சிதமாக உட்காரும் ஒரு மருந்தைச் செய்து கொடுத்தார். எலிக்குக் கொடுத்தார்கள், நாய்க்குக் கொடுத்தார்கள், இரண்டும் சௌக்கியம். கேண்டீன் கிண்டல் நின்றது. யார் வந்தாலும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இவரோட புரதம்தான்" என்று அறிமுகம் செய்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன்னாக இருந்தது.

வீட்டில் இதை அதிகமாகக் கொண்டாடியது என் மைத்துனன். மனைவியின் தம்பி. அம்மா போன பிறகு எங்களோடு வளர்ந்தவன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், வேலையை முடித்துவிட்டு, "எங்க அத்தான் மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கார்" என்று காவலாளியிடமாவது சொல்லிவிட்டுத்தான் வருவான். எனக்குக் கூச்சமாக இருக்கும். வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி வந்த சமயம், ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். ஒண்டியின் பை எவ்வளவு தனித்தன்மையானது என்று ஒரு படம் காட்ட ஆசைப்பட்டேன். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனிதப் புரதங்களோடு ஒப்பிடும்போது நாங்கள் தலை முதல் கால் வரை மொத்தச் சங்கிலியையும் ஒப்பிடுவோம். சாயல் குறைவு என்று வந்தால் தேறிவிட்டது என்று விட்டுவிடுவோம். பையை மட்டும் தனியே வெட்டியெடுத்து ஒப்பிடுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அன்று படத்துக்காக, ஒரு பகட்டுக்காக, பையை மட்டும் எடுத்து மனித உடம்பின் எல்லாப் பைகளோடும் ஒப்பிட விட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

இதயத் தசையில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்த துடிப்புக்கு இதயத்தைத் தயார் செய்வது அதன் வேலை. அதற்கும் ஒண்டிக்கும் முகஜாடை கிடையாது, குண ஒற்றுமை கிடையாது. பை மட்டும் ஒரே தையல்காரர் தைத்தது மாதிரி இருந்தது. எங்கள் மருந்தைத் திரையில் அந்த இதயப் பைக்குள் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால், ஒண்டிக்குள் உட்கார்ந்ததைவிடக் கொஞ்சம் சௌகரியமாகவே உட்கார்ந்தது.

கருத்தரங்கில் அந்தப் படத்தைப் போடவில்லை. வேறெதுவும் செய்யவில்லை. எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. ஒத்திருப்பது வேறு, ஒட்டுவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டர் சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியுமா என்று மேல்மாடிக்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அது நியாயமான கேள்வி என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

அதோடு போயிருக்கும். என் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். நல்ல படிப்பு, நல்ல உழைப்பு. எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வியைப் போட்டு மறுபடி உட்கார வைத்துவிடுவாள். அதனால் அவளுக்குக் கொக்கி என்று பெயர். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்தாள்.

"சார், கதவைச் சாத்திக்கட்டுமா?"

சாத்தினாள். உட்காரவில்லை. பையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், இதயப் புரதம் ஒன்று வருவதாகவும் சொன்னாள். நான் முதல் முறை கேட்கிறவன் போலவே கேட்டுக்கொண்டேன்.

"எலிக்கும் நாய்க்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஆகாது சார். அதுங்க புரதத்துல பை வாசல்லயே ஒரு பெரிய அமினோ அமிலம் அடைச்சுக்கிட்டு நிக்குது. மருந்து உள்ள நுழையவே முடியாது. நமக்கு அந்த இடம் காலி. விலங்குல பாத்தது எதுவும் நமக்குப் பொருந்தாது சார்."

இதை நான் பார்த்திருக்கவில்லை. மிக நன்றாக வேலை செய்திருந்தாள்.

"மீட்டிங்ல நான் சொன்னா உங்கமேல பழி வந்துரும். நீங்களே சொல்லிட்டீங்கன்னா யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. வேறு யாராவது என்றால் நேரே இயக்குநரிடம் போயிருப்பார்கள். கொஞ்சம் அவகாசம் கேட்டேன். சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, உடம்புச் சூட்டில் அந்த இதயப் பையின் வாய் மூடிக்கொள்கிறது, நான் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அப்படி எதையும் நான் ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அப்பாடா. அந்த ரிசல்ட்டை நான் ஒரு தடவை பாக்கலாமா சார்?" என்றாள். கொக்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

அவளைப் பயமுறுத்தியிருக்கலாம். அவள் வேலை நீடிப்பது என் ஒரு வார்த்தையில் இருந்தது. நான் அந்த மாதிரி ஆள் இல்லை. தவிர, பயத்தில் மூடிய வாய் என்றைக்காவது திறந்துவிடும். அவள் நம்ப வேண்டும். கம்ப்யூட்டரில் எதைக் காட்டினாலும் அதில் ஒரு கொக்கி போடுவாள். கொக்கி போட முடியாத ஏதாவது வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மைத்துனன் ஸ்டூலில் ஏறி எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நம்ம மருந்துக்கு ஆள் எடுக்கறாங்க."

"ஒண்டி மருந்துக்கா?"

"ஆமா. ஆரோக்கியமான ஆளா வேணும். கிருமி இருக்கற கொசுவைக் கடிக்க விடுவாங்க. காய்ச்சல் ஆரம்பிச்சதும் தினம் ஒண்ணா மூணு மாத்திரை. ஆஸ்பத்திரிலயே தங்கணும்."

"கொசுவை நான் வீட்லயே ஓசியில கடிக்க விட்டுட்டிருக்கேன். பேரைக் குடுங்க அத்தான்."

"யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாளைக்கு உங்களைப் பத்தி எழுதும்போது, முதல்ல முழுங்கினது மச்சான்தான்னு ஒரு வரி வரும்ல."

என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"என் மருந்து. எனக்குத் தெரியாதா?" என்றேன். யோசித்துப் பார்த்தால் இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஊழியர்களின் உறவினர்கள் சோதனையில் சேரக் கூடாது என்று விதி உண்டு. யாராவது கேட்டால் என்னைத் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. நிறுவனத்துக்கு வந்தபோது வராந்தாவில் என்னைப் பார்த்து, "சார், டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் கொக்கியிடம் சொன்னேன். முதலில் ஒரே ஓர் ஆளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த முதல் ஆள் என் சொந்த மைத்துனன் என்றும், விதியை மீறித்தான் சேர்த்திருக்கிறேன், வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "உங்க மச்சானையா சார்?"

"எனக்குச் சந்தேகம் இருந்தா செய்வேனாம்மா?"

அவள் கண் கலங்கியது. "மன்னிச்சிடுங்க சார். நான்தான் தேவையில்லாம..." என்று ஆரம்பித்து முடிக்காமல் போய்விட்டாள். ரிசல்ட்டை அதற்கப்புறம் கேட்கவில்லை. என் ரகசியம் ஒன்று தன் கையில் இருக்கும்போது என்னைச் சந்தேகிக்க அவளைப் போன்ற பெண்ணால் முடியாது. இது தற்செயலாக அமைந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. யோசித்துச் செய்தது.

கொசு கடித்தது, காய்ச்சல் வந்தது, மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டாவது மாத்திரைக்கு அடுத்த நாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது. நீங்கள் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருவது இந்தப் போனுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். முழுவதுமாகவே சொல்லிவிடுகிறேன்.

"அத்தான், காய்ச்சல் ஓடியே போச்சு. உங்க மருந்து அபாரம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு. நெஞ்சு நடுநடுவுல நின்னு நின்னு ஓடற மாதிரி இருக்கு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு தடவை திக்கிட்டுப் போகும்ல, அந்த மாதிரி. காலைல பாத்ரூம்ல கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இதயப் புரதம் முடங்கினால் இப்படித்தான் ஆரம்பிக்கும். அவன் படித்துவிட்டுச் சொன்னது போல அவ்வளவு சரியாகச் சொன்னான். தினமும் காலையில் ஈசிஜி எடுத்தார்கள். ஆனால் படுக்க வைத்து ஒரு நிமிஷம் எடுப்பதில், விட்டுவிட்டு வரும் ஒன்று மாட்டாமல் போகலாம். போயிருந்தது. அதனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்குத் தெரிந்தது நெஞ்சு திக்குவது. ஏன் திக்குகிறது என்று எனக்குத் தெரியும்.

"காய்ச்சல் விட்டா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். தண்ணி நிறையக் குடி. ஒரு மாத்திரைதானே பாக்கி, அதையும் போட்டுட்டுச் சொல்லிக்கலாம்."

"டாக்டர் வந்து கேட்டா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

"சரி அத்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

"சொல்லல."

அந்த வாக்கை நான் காப்பாற்றினேன்.

மூன்றாவது மாத்திரையை நர்ஸ் எதிரிலேயே விழுங்கினான். அவர்கள் வழக்கப்படி சிறிது நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். அந்த மாடி லிஃப்டின் கதவு சரியாகச் சாத்தாமல் இடித்துக்கொண்டே இருந்ததாம். என்னவென்று பார்க்கிறேன் என்று எழுந்து போயிருக்கிறான். கதவுக்குக் கீழே குனிந்தவன் நிமிரவில்லை. டாக்டர் ஓடி வந்தார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கே கொக்கி இயக்குநரிடம் போனாள், அங்கிருந்து போலீஸ் என்று உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வருத்தம் உண்டு. ஒரு வார்த்தை என்னிடம் வந்து பேசியிருக்கலாம்.

போனில் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். மச்சானை நினைக்கவில்லை என்பது உங்கள் எண்ணம். நினைத்தேன். அவன் ஸ்டூலில் ஏறி நின்றதுகூட ஞாபகம் வந்தது. அவன்மேல் எனக்கு உயிர். பெற்ற பிள்ளை இருந்திருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்குமா என்று தெரியாது. ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். நர்ஸிடம் சொல்லியிருந்தால் மூன்றாவது மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். சோதனையை அங்கேயே மூடியிருப்பார்கள். இரண்டு மாத்திரைக்குக் காய்ச்சல் விடுகிறது, சரி. ஒட்டுண்ணி அடியோடு போகிறதா, ஒண்டியை அடித்தால் மனித உடம்பில் அது பூண்டோடு அழிகிறதா என்பது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். கேண்டீனில் பழையபடி ஆரம்பித்திருப்பார்கள். உலகத்தில் இந்தக் காய்ச்சலில் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த நேரத்தில் அந்தக் குழந்தைகளையும் நினைத்தேன். கேண்டீனுக்குப் பிறகு நினைத்தேன்.

ஆகவே சுற்றி வளைக்க வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது மாத்திரையைப் போட்டால் அவன் இதயம் நிற்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். நிற்கும் என்றுதான் நினைத்தேன். தெரிந்தேதான் போடச் சொன்னேன், தெரிந்தேதான் வாயைத் திறக்காதே என்றேன். வேறு யாரும் இதில் சம்பந்தப்படவில்லை.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அது யார் காதிலும் ஏறவில்லை. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். என் மனைவி என்னைத் தனியே உள்ளே கூப்பிட்டாள். "அவன் போன்ல உங்க நம்பர் இருந்துச்சே. கடைசியா என்னங்க பேசினான்?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் அதைவிட நல்ல செய்தி ஒன்றைச் சொன்னேன். மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு எடுத்த இரத்தத்தை இரண்டு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரியிலிருந்தே கிளம்பியிருந்தேன்.

"அவன் ரத்தத்துல ஒரு கிருமிகூட இல்ல. சுத்தமா போயிடுச்சு" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை, இதுவரை பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி உடனே உறைக்காது. கொஞ்ச நாள் போகட்டும், அவளுக்கே பெருமையாக இருக்கும்.